‘கறுப்பாக இருந்தாலும்...’

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். உமய்யா இப்னு கலஃபிடம் அவர்கள் அடிமையாகக் கிடந்தது, சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது, அந்த நிலையிலும் ‘அஹத், அஹத்’ என்று ஏகத்துவத்தை முழங்கியது, அபூபக்ர் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தது, மக்கா வெற்றி நாளில் கஅபாவின் மேல் ஏறி நின்று பாங்கு சொன்னது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் குரலை உயர்த்தி, “கறுப்பு நிறத்தவராக இருந்தும், அடிமையாக இருந்தும், இஸ்லாம் அவர்களை எந்த உயரத்தில் வைத்தது பார்த்தீர்களா!” என்று முடித்தேன். மக்கள் உருகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருடங்களாக நான் இப்படித்தான் முடிக்கிறேன். என் உஸ்தாதும் இப்படித்தான் முடிப்பார்கள்.

தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் இளைஞர் ஹவுளு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுபவர். நல்ல கறுப்பு நிறம். ஸலாம் சொல்லிவிட்டு, “ஹஜ்ரத், ஒரு சந்தேகம். அடிமையாக இருந்தும் என்று சொன்னீர்கள். அது சரி. அடிமைத்தனம் ஓர் இழிநிலை, அதிலிருந்து மேலே வந்தார்கள். கறுப்பாக இருந்தும் என்றால்? கறுப்பும் ஓர் இழிநிலையா?” என்று கேட்டார்.

நான் உடனே, “தம்பி, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லையே!” என்றேன்.

“தெரியும் ஹஜ்ரத். அந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தால் நான் வந்து கேட்டிருக்கவே மாட்டேன்” என்றார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முந்திய வாரம் அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். வந்த வீட்டில் வயதான ஓர் அம்மா, பெண்ணின் கன்னத்தைத் தடவி, பிரியமாக, “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்றாராம். வந்தவர்கள் அந்தப் பக்கம் போனதும் தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவில்லை. “நல்லாத்தானே சொன்னாங்க, பாராட்டித்தானே சொன்னாங்க” என்று தேற்றியிருக்கிறார்கள். அந்த அழுகைச் சத்தம் காதில் இருக்கும்போதே என் பயானையும் கேட்டிருக்கிறார் இவர்.

சகோதரர்களே! எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. நிறவெறியைக் கண்டித்து எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! அறுதி ஹஜ்ஜில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் இறையச்சத்தால் அன்றி உயர்வு தாழ்வு இல்லை என்று அறிவித்ததை எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்! அதே வாயால், அதே மிம்பரில், கறுப்பு ஒரு குறை என்பதை நானே ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறேன். வசைச் சொல் ஒன்றுகூட இல்லாமல், புகழ்ச்சிக்குள் ஒரு ‘உம்’மை வைத்து.

இந்த ‘இருந்தாலும்’ நமக்குப் புதியதா? நம் சமுதாயத்தில் பிறந்த ஒவ்வொருவனும் இதைக் கேட்டு வளர்ந்தவன்தான். “நீங்க முஸ்லிமா இருந்தாலும் தமிழ் சுத்தமா பேசுறீங்களே!” பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார். அவர் மனதில் துளி விஷம் கிடையாது. ஆனால் எட்டயபுரத்து உமறுப்புலவரும், குணங்குடி மஸ்தான் சாகிபும், கம்பனைக் கரைத்துக் குடித்த நீதிபதி மு.மு. இஸ்மாயீலும் பேசி எழுதிய மொழி நம் வீட்டு மொழிதான் என்பது அவருக்குத் தெரியாது. அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தவர் காயிதே மில்லத் என்பதும் தெரியாது. முஸ்லிம் என்றால் வேறு எங்கிருந்தோ வந்தவன் என்று அவருடைய மனதில் ஏற்கெனவே ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி வந்ததற்காக நம்மைப் பாராட்டுகிறார். “பாயா இருந்தாலும் நேர்மையான ஆள்” என்று கடை வாசலில் சொல்லும் வாடிக்கையாளரும் அப்படித்தான். நமக்குச் சுருக்கென்கிறது. சிரித்துக்கொண்டே பில் போட்டுக் கொடுக்கிறோம்.

நமக்குச் சுருக்கென்பது அந்தத் தங்கைக்குச் சுருக்கென்றிருக்காதா?

இங்கே நம்மவர்கள் கைவசம் ஒரு கேடயம் வைத்திருக்கிறார்கள். ‘செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே’ என்ற ஹதீஸ்! என் நிய்யத் சுத்தமாக இருக்கிறது, அவன் தப்பாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்கிறார்கள். நானும் அந்த இளைஞரிடம் முதலில் தூக்கியது இதே கேடயத்தைத்தான். மறுமையில் அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்க நிய்யத் உதவும். ஆனால் அடுத்தவன் காதில் விழுந்த சொல்லுக்கு?

ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களின் கவனத்தைத் தம் பக்கம் திருப்ப ‘ராஇனா’ என்று அழைத்து வந்தார்கள். எங்களைக் கவனியுங்கள் என்பது அதன் பொருள். விரோதிகள் சிலர் அதே சொல்லை நாவைச் சுழற்றி உச்சரித்து இழிபொருள் வரும்படி ஆக்கினார்கள். அப்போது அல்லாஹ் என்ன சொன்னான்? முஃமின்களின் உள்ளம் தூய்மையானது, எனவே அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்றா சொன்னான்? அந்தச் சொல்லையே விடச் சொல்லி, ‘உன்ளுர்னா’ என்று வேறு சொல்லைக் கொடுத்தான் (அல்குர்ஆன் 2:104). அவர்களுடைய நிய்யத்தை விடச் சுத்தமான நிய்யத் நமக்கு உண்டா? அவர்களையே சொல்லை மாற்றச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, நான் எதார்த்தமாகச் சொன்னேன் என்று நாம் வாதாடுகிறோம்.

பயான்களில் நாம் வழக்கமாக எடுத்துச் சொல்வது அபூதர் (ரலி) அவர்களின் சம்பவத்தை. ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்டார்கள். அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (புகாரி). ஆனால் அது கோபத்தில் வந்த சொல். கோபத்தில் சொன்னது தவறு என்பது சொன்னவனுக்கே தெரியும். நான் சொல்ல வருவதற்கு இன்னும் பொருத்தமானது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் கண்ணீர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள் தம்மை ‘யூதரின் மகள்’ என்று சொன்னதாகக் கேள்விப்பட்டு ஸஃபிய்யா நாயகி அழுதார்கள் (திர்மிதி). சொன்னது பொய்யா? இல்லை. அவர்களுடைய தந்தை யூதர்தான். ஊரறிந்த உண்மை. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள், உண்மையைத்தானே சொன்னார், இதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. நீ ஒரு நபியின் வழித்தோன்றல், உன் சிறிய தந்தை ஒரு நபி, நீ ஒரு நபியின் மனைவி, அவர் உன்னிடம் எதைக் கொண்டு பெருமை பேச முடியும் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். ஹஃப்ஸா நாயகிக்கு அல்லாஹ்வை அஞ்சும்படி உபதேசித்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஜமாஅத்துகளில் புழங்கும் ‘நவ்முஸ்லிம்’ என்ற சொல் நினைவுக்கு வருகிறது. 1981-ல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தை ஏற்றபோது நாடே கிடுகிடுத்தது. நாம் பெருமையோடு பேசினோம். இன்று, இஸ்லாத்துக்கு வந்து நாற்பது வருடம் ஆன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை, இஸ்லாத்தில் பிறந்து இஸ்லாத்தில் வளர்ந்த பிள்ளைகளை, சம்பந்தம் பேசும் இடத்தில் “நல்ல குடும்பம், நவ்முஸ்லிம்தான், ஆனா ரொம்பப் பேணுதல்” என்று அறிமுகம் செய்வதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டால், அடையாளத்துக்குச் சொன்னேன் என்கிறார்கள். எதற்கு அந்த அடையாளம்? இன்னும் எத்தனை தலைமுறைக்கு?

அடையாளத்துக்குச் சொன்னது என்ற இந்தப் பதில் உலகம் முழுக்க ஓடுகிறது. 2020 டிசம்பரில் பாரிஸில் ஒரு பெரிய கால்பந்து ஆட்டம். பாரிஸ் அணிக்கும் துருக்கியின் பஷாக்ஷெஹிர் அணிக்கும். ருமேனிய நாட்டு நடுவர்களில் ஒருவர், துருக்கி அணியின் துணைப் பயிற்சியாளரான கேமரூன் நாட்டு வீரர் பியர் வெபோவைக் காட்டி, தம் மொழியில் ‘அந்தக் கறுப்பர்’ என்று சக நடுவரிடம் சொன்னார். அவர் மொழியில் அது வெறும் நிறத்தைக் குறிக்கும் சொல். துருக்கி அணியில் இருந்த நம் சகோதரர் டெம்பா பா எழுந்து வந்து கேட்டார்: வெள்ளைக்காரரைக் குறிப்பிடும்போது அந்த வெள்ளைக்காரர் என்று சொல்கிறீர்களா, அந்த ஆள் என்றுதானே சொல்கிறீர்கள் என்று. இரண்டு அணியும் மைதானத்தை விட்டு வெளியேறின. மீதி ஆட்டம் மறுநாள் வேறு நடுவர்களோடு நடந்தது. அந்த நடுவர் மனதில் வெறுப்பு இருந்ததா என்பதை அல்லாஹ் அறிவான். டெம்பா பாவின் கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. மேற்கிந்தியத் தீவு அணிக்கு 2012-லும் 2016-லும் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்று கொடுத்த தலைவர் டேரன் சமி, 2013, 2014 ஆண்டுகளில் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆடினார். சக ஆட்டக்காரர்கள் அவரைக் ‘காலு’ என்று கூப்பிட்டார்கள். வலிமையான குதிரை என்று அர்த்தம் போலிருக்கிறது என நினைத்து அவரும் சிரித்திருக்கிறார். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாயிட் கொல்லப்பட்ட சமயத்தில், ஹசன் மின்ஹாஜ் என்ற இந்திய வம்சாவளி முஸ்லிம் கலைஞர், நம்மவர்கள் கறுப்பர்களை எப்படியெல்லாம் அழைக்கிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சியில் பட்டியல் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் சமிக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே தெரிந்தது. கூப்பிட்டவர்கள் விரோதிகளா? தோளில் கைபோட்டு ஆடியவர்கள். பிறகு அவர்களில் ஒருவர் பேசி, அன்பினால்தான் அழைத்தோம் என்று விளக்கியதாகவும், தாம் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சமியே அறிவித்தார். பெருந்தன்மை. ஆனால் ஆறு வருடம் கழித்து, தான் சிரித்த சிரிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்த அந்த மனிதனின் இரவு எப்படி இருந்திருக்கும்?

பினாங்குக்குப் போய்வந்த வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நம் தமிழ் முஸ்லிம் முன்னோர்கள் 1801-ல் எழுப்பிய பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங் பள்ளி. கலிங்கம் என்பதிலிருந்து வந்த சொல் கெலிங். இந்தியக் கரையிலிருந்து வந்தவர் என்ற அளவில்தான் ஒரு காலத்தில் அதற்குப் பொருள். இன்று அதே சொல்லை ஒரு மலேசியத் தமிழரின் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள், கைகலப்பில் முடியும். ‘மாமக்’ என்கிறார்களே, அது நம் ‘மாமா’தான். பிரியமாகக் கூப்பிட்ட உறவுமுறை, சொல்லும் வாயைப் பொறுத்து ஏளனமாகவும் ஆகிவிட்டது. வளைகுடாவில் உழைத்தவர்களைக் கேளுங்கள். ‘ரஃபீக்’ என்றால் நண்பன். அதைத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து விரலைச் சொடுக்கிக் கூப்பிடும்போது நட்பா கேட்கிறது? ‘மிஸ்கீன்’ என்று இரக்கப்பட்டுச் சொல்லும் அரபி தவறு செய்ததாக நினைப்பதேயில்லை. கேட்டவன் அன்றைக்கு ஊருக்குப் போன் போட்டால் குரல் கம்மியிருக்கும்.

அப்படிப் பட்டவர்கள்தான் ஊருக்குத் திரும்பிக் கடை போடுகிறோம். கடையில் என்ன நடக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அஸ்ஸாமிலிருந்து வந்த பையன் இரண்டு வருடமாக வேலை செய்கிறான். நம் பள்ளியில்தான் ஜும்ஆ தொழுகிறான். கடையில் அவன் பெயர் ‘ஹிந்தி’. “டேய் ஹிந்தி, மூட்டையை எடு.” அவனுடைய தாய்மொழி ஹிந்தியே இல்லை. முதலாளி நல்ல மனிதர். பெருநாளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கிறார், காய்ச்சல் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போகிறார். அவனுடைய பெயரைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். மணிப்பூர், மிசோரம் பிள்ளைகள் வந்தால் ‘நேபாளி’, ‘சைனாக்காரன்’. ‘கண்ணு தெறந்திருக்கா, தூங்குறியா?’ என்று ஒரு கேலி. எல்லாம் சிரிப்புக்குத்தான்!

2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தனியா ஒரு கடையில் முகவரி விசாரிக்கப் போனார். அவருடைய தலைமுடியைப் பார்த்துக் கடையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது, கண்ணாடி உடைந்தது, அடிதடி ஆனது. மறுநாள் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. மத்திய அரசு பெஸ்பருவா தலைமையில் குழு அமைத்தது, அறிக்கை வந்தது. தொடங்கிய இடம் ஒரு கடை என்பதை வியாபாரப் பெருமக்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பு, 2012 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. பெங்களூரு, சென்னை, புனே நகரங்களிலிருந்து வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஓடினார்கள். அஸ்ஸாம் கலவரத்துக்குப் பழிவாங்க முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தியில் பரவிய வதந்திதான் காரணம். அபாண்டம் என்று நாம் கொதித்தோம், நியாயமான கொதிப்பு. ஆனால் நான் அப்போதே சில சகோதரர்களிடம் கேட்டேன். நம் கடைகளில், நம் தெருக்களில் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்த குடும்பங்கள் எத்தனை? பெயர் சொல்லி அழைத்தவரைப் பற்றி அவர்கள் அந்த வதந்தியை அவ்வளவு சுலபமாக நம்பியிருப்பார்களா?

இளைஞர்களே, இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளையே சொல் பொறுக்கக் கிளம்பிவிடுவீர்கள். காதில் விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் சுவரொட்டி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ‘துலுக்கன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கர் என்பதிலிருந்து வந்தது. துலுக்கப்பட்டி என்று ஊர் இருக்கிறது, ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் இருக்கிறார், துலுக்கச் சாமந்தி என்று பூ இருக்கிறது. காய்கறிக் கூடையை இறக்கிவைத்து, “துலுக்க வீட்டுப் புள்ளையா நீ, தண்ணி குடு சாமி” என்று கேட்கும் கிழவியிடம் போய் நாம் சமூகநீதி பேசினால் நம்மைவிட மடையன் கிடையாது. அதே சொல், வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது கதவிடுக்கிலிருந்து வந்தால் வேறு. இலங்கைக்குப் போனால் தமிழர், முஸ்லிம் என்று தனித்தனியாகச் சொல்வதை அங்குள்ள முஸ்லிம்களே விரும்புகிறார்கள். அவர்களுடைய வரலாறு வேறு. இங்கே அப்படிச் சொன்னால் நமக்கு வலிக்கிறது. யார், யாரிடம், எங்கே சொல்கிறார் என்று பார்க்காமல் சொல்லை மட்டும் தராசில் வைக்கக் கூடாது.

அந்த இளைஞர் என்னிடம் வந்து கேட்டாரே, அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. கூட்டத்தில் எழுந்து நிற்கவில்லை. நோட்டீஸ் போடவில்லை. எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு, கேள்வியை மட்டும் கேட்டார். எனக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் போய்விட்டது!

அடுத்த மாதமே எனக்கு அதைச் செய்துபார்க்கும் வேலை வந்தது. எங்கள் ஊர் வணிகர் சங்க விழாவில், சங்கச் செயலாளர் நம் கடைவீதி பாய் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, “முஸ்லிமா இருந்தாலும் பொங்கல் மலருக்கு முதல் நன்கொடை இவரிடமிருந்துதான் வரும்” என்று புகழ்ந்தார். நம் பையன்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கண்டனத் தீர்மானம் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஒருநாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை செயலாளர் கடைக்குத் தனியாகப் போனேன். டீ வரவழைத்தார். மெதுவாகச் சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். “ஐயோ ஹஜ்ரத், முப்பது வருஷப் பழக்கம். நான் அந்த அர்த்தத்துல சொல்லலையே!” என்றார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அந்த இளைஞர் எனக்குச் சொன்னதையே சொன்னேன். தெரியும், அதனால்தான் வந்தேன் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டார். ‘முதல் நன்கொடை இவரிடமிருந்துதான் வரும்’ என்பதே போதும் என்றேன். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிலால் (ரலி) அவர்களைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் சொன்ன ஒரு சொல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அபூபக்ர் எங்கள் தலைவர், அவர் எங்கள் தலைவரை விடுதலை செய்தார் என்ற கருத்தில். விடுதலை செய்தவரும் தலைவர், விடுதலை பெற்றவரும் தலைவர். மதரஸாவில் இதை நான் எத்தனையோ முறை ஓதியவன்தான். அதில் ‘இருந்தும்’ இல்லை என்பது இந்த வயதில்தான் கண்ணில் பட்டது.

போன மாதம் மறுபடி பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் சந்தர்ப்பம் வந்தது. முடிவை மாற்றித் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஆனாலும் இருபது வருடப் பழக்கம் விடுமா? குரல் உயர்ந்து அந்த இடம் வந்ததும் நாக்கு தானாகவே ‘கறுப்பு...’ என்று தொடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தினேன். பள்ளியில் ஒரே அமைதி. நான்காவது ஸஃப்பில் அந்த இளைஞர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, உமர் (ரலி) அவர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டு துஆவுக்குக் கையேந்தினேன்.